துணி காயும் வரை

போரின் இரண்டாம் கோடையில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் மேல் விழ வந்த குண்டு ஒன்று சலவைக்காரியின் அதட்டலைக் கேட்டு நடுவானத்தில் நின்றுவிட்டது. அதே வாரம் சோப்பு விலை இரண்டு மடங்கானது. ஊரில் சோப்பைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். குண்டு ஒரே ஒரு முற்றத்தின் மேல் நின்றது. சோப்போ எல்லா வீட்டிலும் இல்லாமல் போனது.

அதட்டியவளை ஊரே கஞ்சியக்கா என்றுதான் கூப்பிட்டது. அவள் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்த டாக்டர் கோட்டுகள் உள்ளே ஆள் இல்லாமலே நிமிர்ந்து நிற்கும். அவளும் அப்படித்தான், வளைந்து கொடுக்கிற சாதி இல்லை. சலவைக்கூடத்தில் மூன்று வெள்ளாவி அண்டாக்கள் நாள் முழுக்கக் கொதித்துக்கொண்டிருக்கும். பிழிகிற இயந்திரம் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் பேசுவதே கேட்காது. அதனால் அங்கே வேலை செய்த பெண்கள் எல்லோருக்கும் வீட்டில் உப்பு கேட்பதுகூடச் சண்டைக்கு இழுக்கிற மாதிரிதான் வரும். கூடத்துக்கும் எலும்பு முறிவு வார்டுக்கும் நடுவில் இருந்த முற்றத்தில் கொடிக்கயிறுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. வெள்ளை விரிப்புகள் அங்கே காயும்போது யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது, புழுதி பறக்கும் என்பது சட்டம். நிலக்கரி கொண்டுவருகிறவனோ, ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்களோ, யார் கதவைத் திறந்தாலும் கஞ்சியக்காவிடமிருந்து ஒரே வார்த்தைதான் வரும்: "துணி காயற வரைக்கும் அங்கயே நில்லு!" எல்லோரும் நின்றார்கள். ஒருமுறை தலைமை டாக்டரே ஆபரேஷனுக்குப் போகிற வழியில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார், நோயாளிக்கு மயக்கம் தெளிந்து, டாக்டர் எங்கே என்று அவனே எழுந்து கேட்கும் வரைக்கும்.

குண்டு வந்த அன்று விமானச் சத்தம் கேட்டதும் மற்றவர்கள் பதுங்கு குழிக்கு ஓடிவிட்டார்கள். கஞ்சியக்கா கடைசி விரிப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். வாயில் கிளிப்புகள். அண்ணாந்து பார்த்தாள். கருகருவென்று ஒன்று நேராக அவளுடைய வெள்ளைத் துணிகளின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. கிளிப்புகளைத் துப்பிவிட்டு, நிலக்கரிக்காரனிடம் கத்துவது போலவே, யோசிக்காமல் கத்தினாள். குண்டு நின்றது. வார்டுக் கூரைக்குச் சற்று மேலே, மூக்கு கீழும் வால் மேலுமாக, வழி கேட்க வந்தவன் வாசலில் தயங்குகிற மாதிரி நின்றது. கஞ்சியக்கா கீழே கிடந்த கிளிப்புகளைப் பொறுக்கித் துடைத்துக்கொண்டு விரிப்பின் மறுமுனையை மாட்டினாள்.

அது எதற்காக நிற்கிறது என்பது சாயங்காலம்தான் புரிந்தது. காய்ந்த விரிப்புகளை அவளுடைய நாத்தனார் ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். கடைசி விரிப்புக்குக் கை போனபோது குண்டு லேசாக ஆடியது. ஒரு கிளிப்பைக் கழற்றியதும் ஒரு முழம் இறங்கியது. நாத்தனார் அப்படியே சிலை. பின்னால் இருந்து கஞ்சியக்கா ஒரு வாளி அலசு தண்ணீரை விரிப்பின் மேலேயும் நாத்தனாரின் மேலேயும் சேர்த்து வீசினாள். குண்டு நின்றது. ஆக, துணி காயும் வரை நிற்கச் சொன்னதால் அது துணி காயும் வரை நிற்கிறது. சொன்ன சொல்லை இவ்வளவு அட்சரம் பிசகாமல் கேட்கிற ஒன்றை இந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை, புருஷன்மார்களிலும் சரி, அதிகாரிகளிலும் சரி.

வேறு எவராக இருந்தாலும் அன்றைக்கே மூட்டையைக் கட்டியிருப்பார்கள். ஆனால் முற்றத்தை ஒட்டிய வார்டில், காலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடப்பட்ட ஆண்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். ரோடு எல்லாம் பெயர்ந்து கிடந்தது. அசைத்தால் பாதிப் பேர் வழியிலேயே போய்விடுவார்கள் என்று தலைமை டாக்டர் கையை விரித்துவிட்டார். ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவர் ஒரு ட்ராம் டிரைவர். முதல் கோடையில் பாலம் இடிந்தபோது ட்ராமோடு சேர்ந்து விழுந்து இரண்டு தொடையும் உடைந்தவர். அவர் கஞ்சியக்காவுக்குப் புருஷன், நாத்தனாருக்குக் கூடப்பிறந்த அண்ணன். படுத்த படுக்கையிலிருந்து அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஜன்னலும் குண்டும்தான். பொழுது விடிந்தால், குண்டு வெளிச்சத்தை மறைக்கிறது, கொஞ்சம் அந்தப் பக்கம் நகரச் சொல்லு என்று ஆரம்பித்துவிடுவார்.

அன்று முதல் கொடியில் எந்நேரமும் ஒரு ஈரத்துணி இருந்தாக வேண்டும் என்றானது. இதற்குக் கூட்டம் போட்டு யாரும் முடிவெடுக்கவில்லை. சபதம் எடுத்தார்கள், கைகோத்து நின்றார்கள் என்றெல்லாம் பின்னாளில் மேடைகளில் பேசினவர்கள் வாயில் வந்ததைப் பேசினார்கள். உண்மையில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். உள்ள வேலைக்கே கை போதவில்லை, இதில் இது வேறா என்றார்கள். அப்புறம் ஆளுக்கொரு முறை என்று பிரித்துக்கொண்டு, யார் முறையில் யார் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். சண்டை போட்டபடியே நனைத்தார்கள். ஓடிப்போக வேண்டும் என்று ஒவ்வொருத்திக்கும் தோன்றியது. ஒவ்வொருத்தியும் அதை வாய்விட்டே சொன்னாள். யாரும் போகவில்லை.

இன்னொரு தொல்லையும் முளைத்தது. கொடியில் துணி காயவே காயாது என்று ஆனபிறகு, பழக்கதோஷத்தில் கஞ்சியக்கா நிலக்கரிக்காரனைப் பார்த்து வழக்கமான வார்த்தையைக் கத்திவிட்டாள். பாவம், அவன் மூட்டையோடு பொழுது சாயும் வரை நின்றான். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. அதன் பிறகு அந்த வார்த்தை குண்டுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. மனிதர்களிடம் "இரு" என்று மட்டும் சொன்னாள். அதற்கு யாரும் அவ்வளவாகக் கட்டுப்படவில்லை, முற்றத்தில் புழுதி சேர்ந்தது, அந்த எரிச்சல் அவளுக்குக் கடைசி வரை தீரவில்லை.

ஆனால் உண்மையில் அவள் உயிரை வாங்கியது குண்டு அல்ல, ஊர்தான். ரொட்டி வரிசையில், குழாயடியில், ஆஸ்பத்திரி வாசலில், பார்த்தவர்களெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: நில்லு என்று சொன்னதற்குப் பதிலாகப் போ என்று சொல்லியிருக்கலாமே? ஒரே எழுத்துத்தானே? காயம்பட்டவர்கள் கேட்டார்கள், அவர்களைப் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். ஒரு ராணுவ அதிகாரி ஒலிபெருக்கியோடு வந்து குண்டைப் பார்த்துப் போ என்று தானே உத்தரவிட்டார். அது அசையவில்லை, அவருடைய இலாகாவைச் சேர்ந்ததல்ல போலிருக்கிறது. அவர் போகிற போக்கில் கஞ்சியக்காவிடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார். எல்லோருக்கும் மேல் நாத்தனார். ஒரே வீட்டில் படுத்து எழுந்து, ஒரே இயந்திரத்தில் எதிரெதிர் முனையில் நின்று பிழிகிறவளிடமிருந்து தப்பிக்கவா முடியும்?

"உங்க வாய்க்கு அன்னைக்குன்னு பார்த்து நில்லுதான் வரணுமா அண்ணி? வேகமா வந்துட்டிருந்துச்சு. போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்த வேகத்துல எங்கயாவது தாண்டிப் போயிருக்கும்."

"சொல்லியாச்சு. விடு."

"இப்பவாவது சொல்லிப் பாருங்களேன்."

"நிக்கச் சொன்னதைப் போகச் சொன்னா அப்புறம் எது என்னை மதிக்கும்? அந்த முனையை இழுத்துப் பிடி."

இதற்கு மேல் அவள் விளக்கம் சொன்னதில்லை. இது வெறும் விறைப்பு, வீம்பு என்றாள் நாத்தனார். தானாக இருந்தால் போ என்றுதான் சொல்லியிருப்பேன் என்று வார்டிலிருந்த அண்ணனிடம் தினமும் சொல்லிவிட்டு வருவாள். அவரும் தலையாட்டுவார். நேரத்துக்குப் பெட்பேன் கொண்டுவராத பெண்டாட்டி மேல் அவருக்கும் குறை உண்டு.

இந்தச் சச்சரவில் கலந்துகொள்ளாதவள் கொட்டாவி ஒருத்திதான். அண்டாவுக்கு அடுப்பெரிக்கிறவள். விடியும் முன்பே வந்து தீ மூட்ட வேண்டியிருந்ததால் நாள் முழுக்கக் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள், அதனால் அந்தப் பெயர். பேச்சு குறைவு. குண்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டு, தொண்டை தெரியக் கொட்டாவி விடுவாள். "வாயை மூடுடி, உள்ள விழுந்துடப் போகுது" என்று கஞ்சியக்கா எரிந்து விழுவாள். கொட்டாவி வாயை மூடுவாள், ஆனால் அடுத்தது வந்துவிடும். அதைப் பார்த்து மற்றவர்களுக்கும் வரும். அதைப் பார்த்துக் கஞ்சியக்காவுக்கும் வரும், அது அவளை இன்னும் எரிச்சல்படுத்தும்.

மழைக்காலம் வந்தபோது எல்லோருக்கும் மூச்சு வந்தது. மழை பெய்கிற நாளில் துணி காயாது, யாரும் காவல் இருக்க வேண்டாம். பனிக்காலமும் பரவாயில்லை. பிறகு மூன்றாவது கோடை வந்தது. வெயிலும் காற்றும் சேர்ந்துகொண்டு நனைத்த துணியைக் கண்முன்னாலேயே உறிஞ்சின. போதாததற்கு ஊரை முற்றுகையிட்டவர்கள் குடிநீர்க் குழாயை உடைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கிணற்றில் வாளி போய்ச் சேற்றில் இடித்தது. கட்டுத்துணி அலசிய தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஊற்றினார்கள். அது தீர்ந்ததும் வார்டில் குடித்து மிஞ்சிய சூப்பை ஊற்றினார்கள். அழுது நனைக்கலாமே என்று பார்வையாளர் ஒருவர் உருக்கமாகச் சொன்னார். கைக்குட்டைகூட நனையாது, நகருங்க என்றாள் கஞ்சியக்கா. பிறகு வார்டுக்குள் போய்ப் பெட்பேன்களையும் மூத்திர பாட்டில்களையும் ஒன்றுவிடாமல் சேகரித்தாள். ட்ராம் டிரைவருக்குக் கூச்சம் தாங்கவில்லை.

"என்ன கருமம் இது, ஊரே பார்க்குது" என்றார்.

"கல்யாணம் ஆனதிலேருந்து இன்னைக்குத்தான் உங்களால ஒரு பிரயோஜனம். பேசாம பாட்டிலைக் குடுங்க" என்றாள் கஞ்சியக்கா.

நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஆனால் குண்டுக்கு மூக்கு இல்லை, அது நின்றது. வெண்மைக்குப் பெயர் போன தன் கொடியில் இப்படியொரு மஞ்சள் துணி தொங்குவதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் கஞ்சியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். குண்டு நிற்கத் தொடங்கிய பிறகு அவள் கண் கலங்கியது அதற்காகத்தான் முதல் தடவை. கொஞ்ச நாளில் அதுவும் பற்றவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாதவர்களுக்கு மூத்திரம் எங்கிருந்து வரும்? அப்போதுதான் கொட்டாவி ஒரு பெரிய பால் கேனை எடுத்துக்கொண்டு, எதுவும் சொல்லாமல் ஆற்றுக்குப் போய்வரத் தொடங்கினாள்.

ஆற்றுக்குப் போகிற பாதையை அக்கரையிலிருந்து குறிபார்த்துச் சுடுகிறவர்கள் காவல் காத்தார்கள். இடிந்த சுவர்களை ஒட்டி ஒட்டிப் போய்வர வேண்டும். எப்படிடீ போறே, பயமா இல்லையா என்று கேட்டதற்கு, "பயமாத்தான் இருக்கு, வேற யாரு போவா" என்று கொட்டாவி விட்டபடியே சொன்னாள். அவள் கொண்டுவந்த தண்ணீரில் நோயாளிகளுக்கு வாய் நனைக்கக் கொஞ்சம், மிச்சம் துணிக்கு. கேனை முற்றத்தில் இறக்கியதும் மூடியைச் சரிபார்த்து நிமிர்த்தி வைப்பாள். யாராவது கால் இடித்துச் சாய்த்தால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும்.

ஒருநாள் காலை போனவள் திரும்பவில்லை. கஞ்சியக்கா வாசலுக்கும் முற்றத்துக்குமாக நடந்தாள். இந்தத் தூங்குமூஞ்சி எங்கே உட்கார்ந்து தூங்குகிறதோ என்று திட்டினாள். அவள் திட்டியது பயத்தினால்தான் என்று எல்லோருக்கும் தெரியும். வெயில் ஏறியது. முந்தின நாள் நனைத்த துணியில் ஈரம் ஓரமாக ஒதுங்கிக்கொண்டிருந்தது. மற்ற பெண்களை ரொட்டி வரிசையில் யாரிடமாவது, எந்த வீட்டிலாவது ஒரு செம்பு தண்ணீர் கிடைக்குமா என்று பார்க்க அனுப்பினாள். பிறகு, "நான் போய் அவளைக் கூட்டிட்டு வர்றேன். துணியைப் பார்த்துக்க" என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டு ஆற்றுப் பாதையில் இறங்கினாள்.

முற்றத்தில் நாத்தனார் மட்டும் நின்றாள். ஈரம் ஒரு உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. கையில் இருந்ததையெல்லாம் பிழிந்து பார்த்தாள், எச்சிலைக்கூடத் துப்பிப் பார்த்தாள், வாய் வறண்டு கிடந்தது. ஈரம் போனது. குண்டு அசைந்தது.

"தங்கச்சி! அது இறங்குது! இறங்குது பாரு!" என்று ஜன்னலில் அண்ணன் கத்தினார். வார்டு முழுக்கக் கட்டில்கள் கிறீச்சிட்டன. கால் தொங்குகிறவர்கள் எங்கே ஓடுவது?

நாத்தனார் எத்தனையோ நாளாகக் காத்திருந்த சந்தர்ப்பம் இது. அண்ணி இல்லை. குண்டு மறுபடியும் நகர்கிறது. ஒரே வார்த்தை. வாயைத் திறந்தாள். போ என்று சொல்வதற்கு முன், எந்தப் பக்கம் என்று கை காட்டுவதற்காகத் திரும்பினாள். இந்தப் பக்கம் வார்டு, அண்ணன். அந்தப் பக்கம் ரொட்டி வரிசை, பாதி ஊர் அங்கேதான் நின்றது, கூட வேலை செய்கிறவர்களும் அங்கேதான். பின்னால் ஆற்றுப் பாதை, அண்ணியும் கொட்டாவியும். எதிரே பள்ளிக்கூடம், மூடிக் கிடந்தாலும் வீடிழந்தவர்கள் உள்ளே குடியிருந்தார்கள். நீட்டிய கை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி தலைக்கு மேலேயே நின்றது. அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். வெளிவந்தது என்னவோ, "துணி காயற வரைக்கும் அங்கயே நில்லு!" என்பதுதான்.

குண்டு நின்றது. ஆனால் தயங்கியது, கொடியில் ஈரத்துணி எதுவும் இல்லையே. நாத்தனார் தலையில் கட்டியிருந்த துணியை உருவினாள். வெயிலிலும் பயத்திலும் அது வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. அதைக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினாள். அவசரத்தில் இரண்டு கிளிப் உடைந்தது. குண்டு அமைதியானது. இப்போது அது கூரைக்கும் கீழே, துடைப்பத்தை நீட்டினால் தொடுகிற உயரத்தில் இருந்தது.

கஞ்சியக்கா வந்தபோது ஒரு கையில் பால் கேன் இருந்தது. கூட யாரும் இல்லை. ஆற்றுப் பாதையின் கடைசிச் சுவரில் சாய்ந்தபடி கொட்டாவி உட்கார்ந்திருந்தாள், வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து, கஞ்சியக்கா தோளைப் பிடித்து உலுக்கித் திட்டவே ஆரம்பித்துவிட்டாள். கைபட்ட இடம் சில்லென்றிருந்தது. கேன் அவள் பக்கத்தில், மூடி இறுக்கி, நேராக நிமிர்ந்து நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை. குண்டடி பட்ட பிறகு அவள் செய்த வேலை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"கேனைப் போட்டுட்டு ஓடி வர்றதுக்கென்னடி உனக்கு" என்று முற்றத்து நடுவில் நின்று கஞ்சியக்கா கேட்டாள், யாரிடம் என்று தெரியவில்லை. பிறகு உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நாத்தனார் கேனைத் திறந்து, விரிப்பை மேலிருந்து கீழ்வரை நிதானமாக நனைத்தாள். அழுது முடித்த பிறகுதான் கஞ்சியக்கா தலைக்கு மேலே பார்த்தாள். குண்டு இருந்த உயரத்தையும், கொடியில் கிடந்த தலைத்துணியையும் பார்த்தாள்.

"நீ கத்தினது பாதை வரைக்கும் கேட்டுச்சு. போன்னு சொல்றதுதானே?"

"வாய் வரலை அண்ணி."

அந்தப் பேச்சை அவர்கள் இருவரும் அப்புறம் எடுக்கவேயில்லை. சாயங்காலம் இரண்டு பேருமாகப் போய்க் கொட்டாவியைத் தூக்கி வந்தார்கள். மறுநாளிலிருந்து கேனை முறை வைத்துத் தூக்கினார்கள். முற்றுகை விலகும் வரை தூக்கினார்கள்.

போர் எப்படியோ முடிந்தது. எலும்புகள் கூடின. ட்ராம் டிரைவர் எழுந்து கோலூன்றி நடந்தார். நடக்க ஆரம்பித்ததும் முதல் காரியமாக முற்றத்துக்கு வந்து குண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, படுத்துப் பார்த்தபோது பெரிதாகத் தெரிந்தது என்றார். ஒலிபெருக்கி அதிகாரிக்குப் பதக்கம் கொடுத்தார்கள். பிறகு ஒரு விசாரணைக் குழு வந்தது. நல்ல சட்டை போட்ட நாலைந்து பேர் முற்றத்துக் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் அதே கேள்விக்கு வந்தார்கள்: நில்லு என்பதற்குப் பதிலாகப் போ என்று சொல்லியிருந்தால் இவ்வளவு சிரமம் இருந்திருக்காதே, அம்மா?

கஞ்சியக்கா களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் அவளுக்கு முன்னால் நாத்தனார் எழுந்துவிட்டாள். அந்தக் கேள்வியை ஊரிலேயே அதிகம் கேட்டவள் அவள்தான். யாரும் அதை நினைவூட்டத் துணியவில்லை.

"எங்க போகச் சொல்றது? யார் வீட்டுக்குப் போகச் சொல்றது? அட்ரஸ் குடுங்க, இப்பவே சொல்றேன்."

குழு குறிப்பெழுதுவதை நிறுத்தியது. யாரும் தங்கள் முகவரியைக் கொடுக்கவில்லை. நாற்காலிகளை மடித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

சலவைக்கூடம் இன்றும் அங்கேதான் இருக்கிறது, குண்டும் அங்கேதான் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் அதன் தூசியைத் துடைக்கிறார்கள், அந்தத் துணியையே கொடியில் போட்டுவிடுகிறார்கள். அதன் வாலில் குருவிகள் கூடு கட்டி, விரிப்புகளின் மேல் எச்சமிட்டுத் தொல்லை கொடுக்கின்றன. துரு சொட்டினால் அந்தக் கறை எதைப் போட்டாலும் போவதில்லை. வேலைக்குச் சேருகிற பெண்களுக்குச் சலவைச் சோடா எவ்வளவு போடுவது, நீலம் எவ்வளவு போடுவது என்பதோடு, கொடியை வெறுமனே விடக்கூடாது என்பதையும் சொல்லிக் கொடுக்கிறார்கள். பால் கேன் கதவோரத்தில் இருக்கிறது. நெளிந்து போனாலும் அதை யாரும் சாய்த்து வைப்பதில்லை. மழை பெய்கிற நாளில் மட்டும் துணியைப் பார்க்க ஆள் தேவையில்லை. அன்று எல்லோரும் அண்டாவின் கதகதப்பில் வரிசையாக உட்கார்ந்து, வாய் நிறையக் கொட்டாவி விடுவார்கள். யாரும் யாரையும் வாயை மூடச் சொல்வதில்லை.